யார் வீட்டு வியாதி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தேன். கையெல்லாம் மாவாக இருந்ததால் போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உன்னோடு பேசினேன். உன் அப்பா எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். நந்தினியோடு நிச்சயமான கல்யாணத்தை நிறுத்திவிடச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். இந்த வியாதியை இன்னொரு உயிருக்குக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை என்றாய், அவளிடமும் போனிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னாய். கடைசியில், "எங்கயாச்சும் ஒரு எடத்துல இது முடியணும்லம்மா. என்னோட முடியட்டும். சொல்லப்போனா அப்பாவோடயே முடிஞ்சிருக்கணும்" என்றாய். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். காலையில்தான் குளித்திருந்தார்.

அன்றிலிருந்து உனக்குப் போன் போட நினைத்து, எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். பேசினால் நான் கோபப்படுவேன், நீயும் கோபப்படுவாய், பிறகு ஒரு வாரம் ஒருவருக்கொருவர் சாப்பாட்டை மட்டும் விசாரித்துக்கொண்டிருப்போம். அதற்கெல்லாம் எனக்கு இப்போது தெம்பு இல்லை. அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓசூரில் உன் அறைக்கு இது எப்போது வந்து சேரும் என்று தெரியவில்லை. வந்ததும் முழுதாகப் படி. பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா குனிந்த ஆள்தான். நான் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் அப்படி இல்லை. நெட்டையாக, நிமிர்ந்து, காக்கிச் சட்டையின் மேல் பித்தானைத் திறந்து விட்டுக்கொண்டு, திருவாதவூர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊரும் அதுதான் என்பதால் வழியில் கைகாட்டுகிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களாகவோ தெரிந்தவர்களாகவோ இருப்பார்கள். நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்துவார். கல்யாணமான புதிதிலேயே ஒன்றைக் கவனித்தேன். காலையில் எழுந்தால் இவரால் உடனே நடக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிழவரைப் போல நகர்வார். வாசலுக்கும் கொல்லைக்கும் கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் உடம்பு இளகும். அதன் பிறகு நாள் முழுக்க வண்டி ஓட்டுவார். உட்கார்ந்து ஓய்வெடுத்தால் வலிக்கிறது, வேலை செய்தால் வலி குறைகிறது என்று சொல்வார். அப்படி ஒரு வலியை யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதால் யாரும் அதை நம்பவில்லை. டிரைவர் வேலை, குலுங்கிக் குலுங்கி எலும்பு தேய்ந்துவிட்டது என்று ஒரு டாக்டர் சொன்னார். எண்ணெய் போட்டு நீவினார்கள், கழுத்துக்குப் பட்டை கட்டினார்கள். படுத்தே இருக்கச் சொன்னவர்களும் உண்டு. அவருக்குச் செய்யவே கூடாதது அதுதான் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

முதுகைவிட அவரை அதிகம் பாடாய்ப்படுத்தியது கண்தான். சில மாதங்களுக்கு ஒரு தடவை ஒரு கண் மட்டும் ரத்தமாகச் சிவந்துவிடும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். டிரைவர் சிவந்த கண்ணோடு, கையைத் தூணில் ஊன்றி நடந்து வந்தால் பஸ் ஸ்டாண்டில் என்ன பேசுவார்கள்? ராத்திரி குடித்துவிட்டு வருகிறான் என்று பேசினார்கள். முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னாராம். உன் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்" என்றார்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். ஏன் என்று உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதில்லை. அதற்குள் அவர் கழுத்து இறுகிவிட்டிருந்தது. கண்ணாடியில் தெரிவதை வைத்து ஓட்டிவிடுவார், ஆனால் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் விசில் அடித்துக் கத்தினார். இவர் பிரேக்கை மிதித்துவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு பூக்கூடை நசுங்கிக் கிடக்கிறது. கூடைக்காரம்மா பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவர் அந்தம்மாவோடு சேர்ந்து சிதறிய மல்லிகையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே நடந்து போய் முதலாளியின் மேசையில் சாவியை வைத்துவிட்டார். யாரும் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, தம்பி. ஷெட்டில் டைம் குறிக்கிற வேலை கொடுத்தார்கள். அந்த வேலையில்தான் உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

என் அண்ணன், உன் பெரிய மாமா, அப்போது வீட்டுக்கு வந்து நின்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "அவங்க அப்பனும் கடைசி காலத்துல இப்பிடித்தான் கூனிக்கிட்டு அலைஞ்சாரு. அந்த வீட்டு ரத்தமே அப்பிடி. விசாரிக்காமக் குடுத்துட்டோம்" என்றார். உன் தாத்தா குனிந்தது வயதினாலா, வயல் வேலையினாலா, வியாதியினாலா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அது உன் அப்பா வீட்டு வியாதி. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், உன் அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

அப்புறம் நீ. காலேஜ் கடைசி வருஷ லீவில் நீ வந்திருந்தபோது காலையில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும் சத்தத்தை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். குதிகாலை ஊன்ற முடியாமல் விரலை ஊன்றி நடந்ததையும் பார்த்திருக்கிறார். என்னிடம் வந்து, "அவனுக்கும் வந்திருச்சு" என்று மட்டும் சொன்னார். கிரிக்கெட் ஆடிச் சுளுக்கிக்கொண்டேன் என்று நீ சொன்னதை நான் நம்ப ஆசைப்பட்டேன். ஒரு வருஷம் அப்படியே போனது. ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு உன் கண் சிவந்தது, நீ லீவு போட்டுவிட்டு மதுரைக்கு வந்தாய். கண் ஆஸ்பத்திரியில் விளக்கைப் போட்டுப் பார்த்த டாக்டர், கண்ணைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன்னால், "காலையில எந்திரிச்சா இடுப்பு இறுகிக்கிட்டு இருக்குதா?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் சிவந்த கண்ணையும் இறுகிய இடுப்பையும் சேர்த்து ஒருவர்கூடத் தன்னிடம் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. உன்னையாவது கேட்டார்களே என்றுதான் சொன்னார்.

அங்கிருந்து நம்மை மூட்டுவாத டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். உன்னைப் பரிசோதித்துவிட்டு, ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்தார். "ஐயா, அந்தச் செவுத்துல முதுகையும் குதிகாலையும் ஒட்டி நில்லுங்க. அப்பிடியே தலையைப் பின்னால கொண்டுபோய்ச் செவுத்தைத் தொடுங்க" என்றார். அப்பா எவ்வளவோ முயன்றார். தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அப்படியே நின்றது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டர் அவருக்கும் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். நீ ஓசூருக்குப் போன பிறகு நானும் அப்பாவும்தான் முடிவு கேட்கப் போனோம். அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை. நாங்கள் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

டாக்டர் முதலில் உன்னைப் பற்றிச் சொன்னார். உனக்கு எச்எல்ஏ பி இருபத்தேழு என்ற வகை ஜீன் இருக்கிறது என்றார். நாங்கள் இருவரும் விழித்ததைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன இருக்கிறது என்று சின்னச் சின்னத் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்குமாம். காவலுக்குச் சுற்றுகிற செல்கள் அதைப் பார்த்து, இது நம் ஆள், இது கிருமி புகுந்த இடம் என்று பிரிக்குமாம். அப்படி ஏந்திக் காட்டுகிற கையின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. அந்தக் கை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஜீன்தான் முடிவு செய்கிறது. உனக்கு இருக்கிற கை கெட்ட கை இல்லை, சில வைரஸ் கிருமிகளை எதிர்ப்பதில் மற்றவற்றைவிடக் கெட்டிக்காரக் கை என்றும் சொன்னார். ஆனால் சிலருக்கு மட்டும் ஏனோ காவல் குழம்பிப்போய், சொந்த முதுகெலும்பையும் கண்ணையும் எதிரி என்று நினைத்து அடிக்க ஆரம்பிக்கிறது. ஏன் அப்படி என்று இன்னும் யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லையாம்.

எனக்கு எங்கள் அங்கன்வாடி ஆயா பாக்கியம் ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையின் அப்பா பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிப் போக நேராக இங்கே வந்துவிட்டார். தினமும் வருகிற ஆள்தான். பாக்கியத்துக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு, கத்திக் கத்தித் தெரு ஆட்களையே கூட்டிவிட்டாள். பிள்ளையும் அவரைப் பார்த்து அழுகிறது. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. ஆனா ஒங்க ஆயாவுக்குக் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிருக்கும். இந்தக் காவலுக்குத் தெரியவே தெரியாது, அடிச்சுக்கிட்டே இருக்கும். அதைச் சாந்தப்படுத்தத்தான் மாத்திரை, ஊசி, எக்சர்சைஸ் எல்லாம்" என்றார்.

பிறகு அப்பாவின் தாளை எடுத்தார். எக்ஸ்ரேயில் சந்தேகமே இல்லை, அதே வியாதிதான், முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஆனால் ஐயாவுக்கு அந்த ஜீன் இல்லை என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை. தாளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, இந்த வியாதி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஜீன் இருக்கும், இல்லாமலே வருகிறவர்களும் உண்டு என்றார் டாக்டர். அந்த ஜீன் இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒன்றுமே வராமல் போகிறவர்கள்தான் ரொம்ப அதிகம் என்றும் சொன்னார். அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப அவனுக்கு எங்க இருந்து வந்துச்சு?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

எனக்குப் பரிசோதனை தேவையே இல்லை, அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். நான்தான் கையை நீட்டினேன். சில நாள் கழித்து முடிவு வந்தது. எனக்கு இருக்கிறது, தம்பி. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற எனக்கு, காய்ச்சல் தலைவலி என்று படுத்தறியாத எனக்கு, இத்தனை வயதுக்கு ஒரு நாள்கூட முதுகு வலித்தறியாத எனக்கு இருக்கிறது. நீ உன் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டதாக நினைக்கிற அந்த ஜீனை உனக்குக் கொடுத்தது நான். டாக்டர் அதையும் அப்படிச் சொல்லவிடவில்லை. இந்த ஒரு ஜீன் மட்டும் இதைச் செய்வதில்லை, இன்னும் நிறைய ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன, ஐயாவிடமிருந்தும் சில வந்திருக்கும், அதற்கு மேல் குடலில் இருக்கிற கிருமியோ வேறு எதுவோ ஒரு நாள் அதைக் கிளப்பிவிடுகிறது, இதில் யார் கொடுத்தது என்று கேட்பதில் அர்த்தம் இல்லை என்றார். ஒரே வீட்டில் ஒரே ஜீனோடு பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது என்றும் சொன்னார். எனக்கு அன்று இவ்வளவும் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

வில்லாபுரம் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். என் அண்ணன் பேசியது, சொந்தக்காரர்கள் முன்னால் இவர் தலையைக் குனிந்துகொண்டது, உனக்கு வலி வந்த பிறகு உன் அறை வாசல்வரை வந்து உள்ளே வராமல் திரும்பிப் போனது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு என் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தால் நியாயம் என்றும் நினைத்தேன். தெற்குவாசல் தாண்டிய பிறகு அவர் பேசினார். கழுத்தைத் திருப்ப முடியாததால் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "இத அவன்கிட்ட சொல்ல வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"என் பக்கம்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். எனக்கு இது பழகிப்போச்சு. ஒங்கண்ணன் பேச்ச எம்புட்டு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன், இன்னமும் கேட்டுட்டுப் போறேன். தெரிஞ்சுச்சுன்னா இனிமே ஒன்னையில்ல பேசுவாய்ங்க. அவனும் வலிக்கிற நேரத்துல கோவத்துல எதையாச்சும் சொல்லிட்டான்னா நீ தாங்க மாட்ட."

நான் சரி என்றேன். அப்படியே இருந்துவிட்டோம். நீ மாத்திரை சாப்பிட்டாய், பிறகு ஊசிக்கு மாறினாய், விரலை ஊன்றி நடந்தவன் மறுபடி குதிகாலை ஊன்றி நடந்தாய். நீச்சல் கற்றுக்கொண்டாய். நந்தினியைப் பார்த்தாய், நாங்கள் ஆனையூரில் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தோம், நிச்சயமும் நடந்தது. வியாதியைப் பற்றி அவள் வீட்டில் முதல் நாளே அப்பாதான் சொன்னார். "எனக்கு இருக்கு, அதான் அவனுக்கும்" என்றுதான் அங்கேயும் சொன்னார். நந்தினியின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். மாத்திரை ஊசி எல்லாம் வந்துவிட்டதே, பையன் நிமிர்ந்துதானே இருக்கிறான் என்று அவர்கள் சம்மதித்தார்கள். பையன் நிமிர்ந்திருக்கிறான் என்று அவர்கள் சொன்னபோது அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இவ்வளவுக்கும் பிறகுதான் அவர் காதில் விழுந்தது. நீ உன்னைப் பற்றித்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்ற பயத்தில் சொன்னாய். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தான் பிறந்து, ஓடியாடி, வேலை பார்த்து, ஒருத்தியைக் கட்டி, ஒரு பிள்ளையை வளர்த்த அத்தனையும் நடக்காமல் இருந்திருந்தால் நல்லது என்று தன் பிள்ளையே சொல்கிறான் என்று கேட்டிருக்கும். அதிலிருந்து அவர் காலையில் செய்கிற எக்சர்சைஸைச் செய்யவில்லை. பாயை எடுத்து விரிக்கக்கூட இல்லை. நான் கேட்டால், "செஞ்சு என்ன, இனி நிமிரவா போறேன்" என்கிறார். சாப்பிடுகிறார், டிவி பார்க்கிறார், நான் கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் மத்தியானம் நந்தினி அங்கன்வாடிக்கு வந்தாள். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். நீ அவளிடம் சொன்னதைச் சொன்னாள். போன மாதம் நீ ஊசியைத் தள்ளிப்போட்டிருக்கிறாய் என்பதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி வலி வந்து, அந்த வலியில்தான் இந்த முடிவை எடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். பிள்ளை வேண்டாம் என்று நீ சொன்னதற்குக்கூட அவளுக்குக் கோபமில்லை. "அவரு என்கிட்ட கேக்கல அத்தை. முடிவு பண்ணிட்டு எனக்குத் தகவல் சொல்லுறாரு. புள்ளை வேணுமா வேணாமான்னு நான் ஒண்ணுமே சொல்லலையே, அதுக்குள்ள நானும் வேணாம்னா எப்பிடி?" என்றாள்.

பிறகு தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் செய்துகொடுத்த வாக்கை நான் அவளிடம்தான் முதலில் மீறினேன். எனக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. யோசித்துவிட்டு ஒன்று கேட்டாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்ககிட்ட இது இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, அவரப் பெத்திருக்க மாட்டீங்களா?"

ஒரு பையன் எழுந்து உட்கார்ந்து அழுதான், அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே யோசித்தேன். பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்றெல்லாம் சொல்வது எளிது. உன் வலி உச்சத்தில் இருந்த அந்த மார்கழியில் நீ புரண்டு படுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாயே, அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். பெற்றிருக்கவே கூடாது என்று அன்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் நீ முதல் தடவை நீச்சல் குளத்திலிருந்து போன் செய்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மா, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போயிட்டேன்" என்று சொன்ன நாளில் கேட்டிருந்தால் இன்னொன்று சொல்லியிருப்பேன். எது என் பதில் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. கடைசியில் அவளிடம், "பயந்திருப்பேம்மா. டாக்டர்கிட்ட போயி நின்னுருப்பேன். அவங்க அப்பாகிட்ட ராப்பகலா பேசியிருப்பேன். ஆனா பெத்திருப்பேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா, கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. போகும்போது, "அவர வந்து என் எதிர்ல உக்காந்து பேசச் சொல்லுங்க அத்தை. வேணாம்னா வேணாம். ஆனா போன்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று நான் தனியாக டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். உன் பிள்ளைக்கு அந்த ஜீன் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார். அப்பனுக்கு வியாதி இருப்பதால் மற்றவர்களைவிடப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் பயம்தான், அப்படியும் வராமலே போகிற பிள்ளைகள்தான் அதிகம் என்றார். வந்தாலும் அது உன் அப்பா காலம் இல்லை, உன் காலம்கூட இல்லை, முதல் வலியிலேயே பிடித்துவிடலாம் என்றார். இதை நான் உன்னைச் சம்மதிக்க வைப்பதற்காக எழுதவில்லை. நீயே போய் அவரிடம் கேள், நந்தினியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். அதற்கு முன்னால் தள்ளிப்போட்ட ஊசியைப் போட்டுக்கொள். வலியோடு எதையும் முடிவு செய்யாதே.

நீயும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கும் இப்போது பழகிக்கொள்ள நேரம் வந்துவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தாலும் சரி, ஆனையூருக்குப் போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன். உங்கள் வாழ்க்கை, உங்கள் உடம்பு. ஆனால் எதை முடிவு செய்தாலும், அதற்குக் காரணமாக உன் அப்பா பிறந்ததைச் சொல்லாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

இது கிடைத்ததும் வருகிற சனிக்கிழமை கிளம்பி வா. முதலில் ஆனையூருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டுக்கு வா. வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்துவிடாதே, அவருக்குச் சங்கடமாகிவிடும். நான் உன்னிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்பதையும் நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ வாசலில் நின்று பெல்லை அடி. நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் வந்து திறக்க மாட்டேன். அவர்தான் வருவார். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, நடந்து வர அவருக்கு நேரமாகும். இரண்டாம் தடவை அடிக்காமல் நில்.

அம்மா